செவ்வாய்க்கிழமை மலைமாதா கோவிலுக்குப் போனோம்

ரொறன்ரோவிலிருந்து காலையில் வெளிக்கிட்டு இருட்டுமுன் திரும்பிவிடக்கூடிய இடங்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறைய எழுதிவிட்டேன். நயாகரா, ஆயிரம் தீவுகள், அப்பிள் தோட்டங்கள் எல்லாம் வந்துவிட்டன. மலைமாதா கோவில் மட்டும் வரவில்லை. அதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தக் கோவிலைப் பற்றி எழுதினால் என் வீட்டுக் கதையையும் எழுத வேண்டும் என்பதால் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஓகஸ்ட் திருநாளுக்குப் போக வழி கேட்டு இந்த முறை பல பேர் எழுதிவிட்டீர்கள். சரி, எழுதுகிறேன். கோவிலும் வீடும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் அங்கே போனது 1995 ஓகஸ்டில். கனடாவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கலியாணம் முடித்த கையோடு இவர் இங்கே வந்துவிட்டார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை. நான் வந்து சேர ஆறு வருடம் எடுத்தது. அந்த ஆறு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில், நான் விசாவுக்காகக் காத்திருந்த சித்தி வீட்டுக்கு, கொழும்புக்கு ஃபோன் எடுப்பார். அப்பப்பா, என்ன கதை! வேலையில் கூட நிற்கிற போர்த்துக்கீசன் எப்படித் தும்முவான் என்பது வரை சொல்லுவார். நான் சிரிக்கிற சத்தம் கேட்டுச் சித்தி குசினியில் இருந்து எட்டிப் பார்ப்பா. அந்த ஃபோனில் கதைத்த மனிதனை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்து பார்த்தால் அந்த மனிதன் இல்லை. வெக்ஸ்போர்ட்டில் பதினோராம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ற். காலையில் பக்டரி வேலை, பின்னேரம் ரெஸ்ரோறண்ட் வேலை. வீட்டுக்கு வந்தால் “சாப்பிட்டாச்சோ?”, படுக்குமுன் “லைற்றை நூரும்.” முடிந்தது. கெட்ட மனிதன் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், எனக்குக் குளிர்கால ஜக்கற் வாங்கப் போய் நாலு கடை ஏறி இறங்கினவர். ஆனால் பேச மாட்டார். நான் பகல் முழுக்க ஜன்னலருகில் இருந்து கீழே கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரவு அவர் வந்த பிறகு அந்தத் தனிமை இன்னும் கூடும். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பதைத் தாங்கலாம். ஆள் இருக்கிற வீட்டில் தனியாக இருப்பது அப்படியில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருந்தேன். ஓகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். எங்கள் மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோவிலில் பெரிய திருநாள். அன்றைக்காவது கோவிலுக்குப் போவோம் என்று கேட்டேன், தலையாட்டினார். போகிற வழியிலோ வருகிற வழியிலோ இந்த மனிதன் வாயைத் திறந்து என்னோடு கதைக்க வேண்டும். இல்லையென்றால் ஜேர்மனியில் இருக்கிற அண்ணாவிடம் கொஞ்ச நாள் நிற்கப் போகிறேன் என்று போய், திரும்பி வராமலே விட்டுவிடுவது. மாதாவிடம் இதை நேர்த்திக்கடனாக வைக்கவில்லை. மிரட்டலாகத்தான் வைத்தேன்.

இனி வழி. ரொறன்ரோவுக்கு வடக்கே ஹைவே 400 இல் ஏறினால், பாரி நகரம் தாண்டும்வரை நேர்ப் பாதை. பிறகு வெளியேறி இடப்பக்கம் திரும்பி, சோளமும் வைக்கோல் உருளைகளும் உள்ள கிராமப் பாதையில் இருபது நிமிடம். எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீற்றர். காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம், ஒன்பதுக்குக் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். இடையில் ஒரு இடத்தில் கோப்பிக்கு நிறுத்தினார். “பால் போடவோ?” என்று கேட்டார். நான் எண்ணிக்கொண்டு வந்தபடி, வெக்ஸ்போர்ட்டிலிருந்து அதுதான் முதல் வசனம்.

கடைசித் திருப்பத்தில் கோவில் திடீரென்று தெரியும். சுற்றிவர வயல் தரை, நடுவில் ஒரு குன்று, அதன் உச்சியில் மஞ்சள் நிறச் சுவர், இரண்டு கோபுரம், ஒவ்வொன்றின் தலையிலும் வெங்காய வடிவில் பச்சைச் செப்புக் கூரை. ஒன்ராறியோவில் இப்படியொரு கட்டடத்தை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஒஸ்ரியா பக்கமிருந்து வந்து குடியேறிய விவசாயிகள் கட்டியதாம். தங்கள் ஊர்க் குன்றில் இருந்த யாத்திரைக் கோவிலை நினைவில் வைத்து, பலகையும் சாந்துமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் மலைமாதா. உண்மையில் அது மலை இல்லை, குன்றுதான். மன்னாரில் பிறந்த எங்களுக்குத் தரை கொஞ்சம் உயர்ந்தாலே மலை.

கீழே கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கார் ஒன்றுதான் நின்றது. “கொஞ்சம் வெள்ளன வந்திட்டம் போல” என்றேன். இவர் டிக்கியைத் திறந்து பெரிய சட்டியைத் தூக்கினார்.

சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடுவுக்குப் போகிறவர்கள் காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். பக்கத்துக் கொட்டிலுக்கு ஒரு கோப்பை கறி போகாமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். அந்தக் கோப்பை சும்மா திரும்பி வராது, அவர்களுடைய கறியோடுதான் வரும். யார் எவர் என்று கேட்பதில்லை. அந்த நினைப்பில் விடியவே எழும்பி இருபது பேருக்குச் சமைத்திருந்தேன். சோறு, பருப்பு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், எல்லாவற்றையும் ஏனங்களில் போட்டு அந்தப் பெரிய சட்டிக்குள் அடுக்கியிருந்தேன். கணவாய்க்குக் கெறாட் வீதியில் இருந்த மீன்கடைவரை இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். தமிழ் முகங்களைக் காணப் போகிறோம், பக்கத்தில் யாராவது மன்னார்ப் பெண்பிள்ளை வந்து குந்துவாள், வயிறு குளிரக் கதைப்பேன் என்றெல்லாம் கற்பனை.

கீழிருந்து மேலே போகச் சரிவோடு ஒரு பாதை இருக்கிறது. சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் அதன் ஓரத்தில் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். மெதுவாக ஏறினால் இருபது நிமிடம். நாங்கள் சட்டியை இருபக்கமும் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஒவ்வொரு நிலையிலும் நான் நின்று செபித்தேன், அவரும் நின்றார். ஒன்பதாம் நிலையில், யேசு மூன்றாம் முறை விழுகிற இடத்தில், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவாய்க் கறியோடு சிலுவைப்பாதை செய்கிற சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அவரைப் பார்த்தேன். அவர் சட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் கண் கூசியது. பரோக் பாணி என்று சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழும்பிய கத்தோலிக்கக் கட்டடக்கலை. என்னைக் கேட்டால், அடக்கம் என்ற சொல்லைக் கேள்விப்படாத கலை. தூண் என்றால் நேராக நிற்காது, முறுகி முறுகி மேலே போகும். பீடத்துக்கு மேல் தங்கக் கதிர்கள் நாலாபக்கமும் வெடிக்கும். மூலைக்கு மூலை சிறகு முளைத்த, கொழுத்த சம்மனசுக் குழந்தைகள், ஒன்று காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிரசங்க மேடையின் விளிம்பில் இருக்கிறது. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. மடு மாதா எளிமையானவ. இந்த மாதாவைத் தேடிப் பிடிக்கவே ஐந்து நிமிடம் எடுத்தது. அவ்வளவு பொன்னுக்கு நடுவில் ஒரு முழ உயரத்தில், மரத்தில் செய்த சின்ன மாதா, களைத்த முகத்தோடு நின்றா. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் முழங்காலில் இருக்க மனம் வந்தது.

கோவிலில் எங்களைத் தவிர ஒரே ஒரு ஆள். வாசலில் மெழுகுதிரி விற்கிற ஹெல்கா என்ற அம்மா, எழுபது வயதிருக்கும். எனக்கு அப்போது ஆங்கிலம் வராது. அந்த அம்மா ஏதோ கேட்க, இவர் பதில் சொன்னார். அவ இன்னொன்று கேட்டா, இவர் சொன்னார். பிறகு பார்த்தால் இவர் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறார், சிரிக்கிறார், அந்த அம்மா இவருடைய தோளில் தட்டுகிறா. ஃபோனில் கேட்ட அதே குரல்! நான் முறுகல் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ முன்பின் தெரியாத மனுசிக்குக் கொடுக்கக் கதை இருக்கிறது, எனக்கு இல்லை.

ஹெல்கா எங்களைக் கோவிலின் நடுவுக்குக் கூட்டிப்போனா. தரையில் ஒரு கறுப்புக் கல் நட்சத்திரம் பதித்திருக்கிறது, சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அதில் நின்று மேலே பார்க்கச் சொன்னா. பார்த்தால் தலைக்கு மேல் உயரமான குவிமாடம், அதைச் சுற்றி ஜன்னல்கள், உச்சியில் வெளிச்சம். இரண்டடி தள்ளி நின்றால் அதே குவிமாடம் சரிந்து விழப் போவதுபோல் கோணலாகிவிடும். உண்மையில் அங்கே குவிமாடமே இல்லை. தட்டையான பலகைக் கூரையில் தீட்டிய படம். தூண்களும் அப்படித்தான், தட்டிப் பாருங்கள், பளிங்கு இல்லை, வர்ணம் பூசிய மரம். இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள் என்று ஹெல்கா சைகை காட்டினா. சேர்ந்து நின்றால் ஆளுக்கொரு கால்தான் நட்சத்திரத்தில் வைக்கலாம். அவருடைய தோள் என் தோளில் பட்டது. வெளி இடத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக நின்றது அதுதான் முதல் தடவை. இருவரும் கூரையைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குப் பூசை. ஒரு வயதான குருவானவர், ஹெல்கா, பக்கத்துப் பண்ணைகளில் இருந்து வந்த ஐந்தாறு கிழவிகள், நாங்கள். தமிழ் ஆள் ஒன்றும் இல்லை. பூசை முடிந்து வெளியே வந்து, மேப்பிள் மரத்துக்குக் கீழே இருந்த பலகை மேசையில் சட்டியை வைத்தோம். நான் பாதையைப் பார்த்தபடி இருந்தேன். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு அவருக்கு மட்டும் சோறு போட்டுக் கொடுத்தேன்.

“இஞ்சேருங்கோ, எங்கடை ஆக்கள் எங்கை? இண்டைக்குத் திருநாள் எல்லே?”

“ஆக்கள் சனிக்கிழமைதான் வருவினம்.”

“சனிக்கிழமையோ? திருநாள் இண்டைக்கு.”

“இஞ்சை உதெல்லாம் சனிக்கிழமைதான் வைக்கிறது. வேலை நாளிலை ஆர் லீவு எடுத்துக்கொண்டு வருவினம்? வாற சனி பஸ் பஸ்ஸா வருவினம்.”

எனக்குத் தெரியாது. மடுவில் திருநாள் எந்தக் கிழமையில் வந்தாலும் பதினைந்தென்றால் பதினைந்துதான். திருநாளைத் தள்ளி வைப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. கனடாவுக்குப் புதிதாக வந்த எங்கள் ஆட்கள் பலர் அந்தக் காலத்தில் இப்படிப் போய் ஏமாந்திருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன்.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? விடிய எழும்பி இருவது பேருக்குச் சமைக்கேக்கை பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஐந்து மாதமாகச் சேர்ந்ததெல்லாம் அந்த மரத்தடியில் கொட்டியது. “அந்தக் கிழவியோடை கதைக்கத் தெரியுது. போர்த்துக்கீசனோடை தெரியுது. என்னோடை மட்டும் வாய் ஒட்டிப்போச்சோ? என்னைப் பிடிக்கேல்லை எண்டால் நேரை சொல்லுங்கோ. நான் ஜேர்மனிக்கு அண்ணாவிட்டைப் போறன். இனி என்னாலை ஏலாது” என்றேன். உண்மையாகவே போவதாகத்தான் சொன்னேன். அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும்.

அவர் சோற்றுக்குள் வைத்த கையை எடுக்காமல் இருந்தார். மேசைப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சனிக்கிழமை வந்தால் நீர் பொம்பிளையளோடை இருப்பீர். நான் ஆம்பிளையளோடை நிப்பன். உம்மோடை ஒரு நாள் தனிய வருவம் எண்டுதான் சொல்லேல்லை.”

“வந்து என்ன கண்டம்? ஒரு கதையும் இல்லையே!”

“கதைக்கத்தான் வந்தனான். வருகுதில்லை.” பிறகு இன்னும் மெதுவாக, “ஆறு வருசமா பேஸ்மென்ற் அறையிலை சுவரைப் பாத்துக்கொண்டெல்லோ உம்மோடை கதைச்சனான். இப்ப உம்மடை முகத்தைப் பாத்தால் எல்லாம் நிண்டுபோகுது. பழகேல்லை.”

அவருடைய காது சிவந்திருந்தது. என் கோபம் ஒரேயடியாகப் போய்விடவில்லை, அப்படி எழுதினால் பொய். ஆனால் இந்த மனிதனுக்கும் என்னைப்போலவே ஆளில்லாத வருடங்கள் இருந்தன என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. சரி சாப்பிடுங்கோ என்று இன்னும் இரண்டு அகப்பை கணவாய் போட்டேன். ஹெல்காவுக்கும் ஒரு தட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். உறைப்பில் கண்ணீர் வழிய வழியத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டா. மிச்சச் சட்டியோடு கீழே இறங்கினோம். திரும்பி வருகிற வழி முழுக்க ஒரு சொல் இல்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல் வீட்டு ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

“என்ன செய்யிறீர்?” என்றது அந்தக் குரல்.

“எங்கையிருந்து எடுக்கிறியள்?”

“வேலையிலை. பிறேக். நேற்று அந்தக் கிழவி என்ன சொன்னவ தெரியுமோ?” என்று தொடங்கினார். ஹெல்காவின் புருசன் அந்த வெங்காயக் கோபுரத்துக்குச் செப்புத் தகடு அடித்தவராம், ஏணியில் நின்றுகொண்டுதான் அவவைக் கலியாணம் கேட்டவராம். கணவாய்க் கறி தன் அம்மாவின் கைப்பக்குவம் போலவே இருந்ததாம். நட்சத்திரத்தில் நின்றபோது என் தலையில் பூசின எண்ணெய் மணத்ததாம். பிறேக் முடிகிற மணி அடிக்கும்வரை கதைத்தார். நான் தரையில் இருந்துவிட்டேன், சிரித்தேன், அழவும் செய்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தார். “சாப்பிட்டாச்சோ?” என்றார். நான் ஜேர்மனிக்குப் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக, வேலை நாட்களில் பத்து மணிக்கு ஃபோன் வந்துகொண்டிருந்தது. எங்கள் மகளைப் பற்றிய முடிவுகள், வீடு வாங்கியது, சண்டை பிடித்தது, சமாதானமானது எல்லாம் அந்த ஃபோனில்தான் நடந்தன.

இனிப் போகிறவர்களுக்கு. காரில்லாமல் போக முடியாது, பஸ் கிடையாது. திருநாள் சனிக்கிழமையில் மட்டும் எங்கள் சங்கங்கள் ஸ்காபரோவிலிருந்து பஸ் விடும், முதலே பதிந்துகொள்ளுங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தச் சனிக்கிழமையில் பத்து டொலர், மற்ற நாட்களில் உண்டியலில் விரும்பியதைப் போடலாம். கழிப்பறை கீழேதான் உண்டு, ஏறுமுன் போய்விடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பின்பக்கப் பாதையால் வாசல்வரை காரிலேயே போகலாம். குன்றில் காற்று அடிக்கும், கோடையிலும் ஒரு மேற்சட்டை கொண்டுபோங்கள். நட்சத்திரக் கல்லில் நிற்க மறக்காதீர்கள், பதினொரு மணிக்கு முன்பு போனால் கூரையில் வெளிச்சம் நன்றாக விழும். பாட்டும் சனமும் சாப்பாடும் வேண்டுமென்றால் சனிக்கிழமை போங்கள். கோவிலைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாளில் போங்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. அன்ரி, ஏன் எல்லா இடமும் தனியாகப் போறீங்கள், அங்கிளையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று. அங்கிள் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஐந்து வருடம். ஓய்வுபெற்ற நாளோடு பத்து மணி ஃபோன் நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இருக்கிற மனிதன் எதற்கு ஃபோன் எடுப்பார்? மகளும் கல்கரிக்குப் போய்விட்டாள். பழையபடி நான் ஜன்னலருகில், அவர் ரிவிக்கு முன்னால். ஒருநாள் கோவில் பெண்களோடு மொன்றியலுக்குப் போனேன். ஹோட்டல் அறைக்குள் கால் வைக்கவில்லை, கைபேசி அடித்தது. “என்ன செய்யிறீர்?” அன்றைக்கு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அதற்குப் பிறகுதான் நான் ஊர் சுற்றத் தொடங்கினேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கமும்.

போன வருட ஓகஸ்ட் பதினைந்தும் வேலை நாள்தான். தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மலைமாதாவிடம் போனேன். பூசை முடிந்து மேப்பிள் மரத்துக்குக் கீழே இருக்கக் கைபேசி அடித்தது. கோபுரத்துக்குப் புதுத் தகடு அடித்துவிட்டார்களோ என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரனின் நாய் எங்கள் வேலிக்குள் குட்டி போட்ட கதையை நாயைப்போல முனகியே சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்ததில் தூரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. கடைசியில், “எப்ப வாறீர்?” என்றார்.

“இன்னும் பூசை முடியேல்லை” என்று மாதா கோவில் வாசலிலேயே பொய் சொன்னேன். “நீங்கள் சொல்லுங்கோ.”